வேலியிலிருந்து இரண்டடி

டொரன்டோவுக்கு மேற்கே, நான் அடிக்கடி போய்வரும் வீடு ஒன்று உண்டு. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து வந்து முப்பது வருடமாகக் கனடாவில் இருப்பவர். பின்வளவில் ஒரு ஷெட் வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. புல்வெட்டும் மெஷின், பனி தள்ளும் சவள், காரில் அந்தப் பருவத்துக்குப் பூட்டாத நான்கு டயர்கள், பேரப்பிள்ளைகளின் சைக்கிள்கள் எல்லாம் நிலவறையை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஊரில் மாட்டுக்கொட்டில் பார்த்து வளர்ந்தவர் என்பதால் அவர் அதை ஷெட் என்று சொல்வதில்லை. கொட்டில் என்பார்.

இடம் குறித்த அன்று அளவு நாடாவின் ஒரு முனை என் கையில் இருந்தது, மறுமுனை அவர் கையில். பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து இரண்டடி விட்டுத்தான் சுவர் எழ வேண்டும் என்பது அந்த ஊர் பைலா, அதாவது நகரசபை விதி. அவருக்கு மனம் ஆறவில்லை.

“தம்பி, இது என்ர காணி. வேலிக்கு இஞ்சால இருக்கிற ஒவ்வொரு அங்குலமும் என்ர பேரில இருக்கு. பிறகேன் ரெண்டடி விட்டு வை எண்டு சொல்லினம்? அந்த ரெண்டடிக்குள்ள நான் என்னத்தை நடுறது?”

வேலி ஓர் அங்குலம் தள்ளியதற்காக இரண்டு தலைமுறை முகம் பாராமல் வாழ்ந்த குடும்பங்களைக் கண்டவர் கேட்கும் கேள்வி அது. எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அந்த இரண்டடிக்குப் பல வேர்கள் இருந்தன. அவற்றில் ஆழமான ஒன்று, 1958-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வேண்டுமென்றே தீ வைக்கப்பட்ட ஒரு கிராமம் வரை போயிற்று.

கிராமத்தின் பெயர் ஆல்ட்ஸ்வில். ஒன்டாரியோ மாகாணத்தின் கிழக்கே செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் இருந்தது. கடலிலிருந்து பெரிய கப்பல்கள் உள்நாட்டு ஏரிகள் வரை வருவதற்காகவும் மின்சாரம் எடுப்பதற்காகவும் அந்த ஆற்றில் அணை கட்டினார்கள். தேங்கும் நீருக்குள் வரிசையாகப் பல ஊர்கள் மூழ்க வேண்டியிருந்தது. சுமார் 6,500 பேரை இடம்பெயர்த்தார்கள். 1958 ஜூலை 1 அன்று தற்காலிகத் தடுப்பை வெடி வைத்துத் தகர்த்தபோது ஆறு மெல்ல ஏறி அந்த ஊர்களை மூடியது. ‘தொலைந்த கிராமங்கள்’ என்று இன்றும் அவற்றைச் சொல்கிறார்கள்.

தண்ணீர் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு ஆல்ட்ஸ்வில்லில் ஆளில்லாத வீடுகள் நின்றன. சுவர், கூரை, மாடிப்படி, ஜன்னல் எல்லாம் அப்படியே இருந்தன. தீயைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைப்பது அரிது. ஆய்வுக்கூடத்தில் மரத்துண்டை எரிக்கலாம், ஓர் அறையைக் கட்டி எரிக்கலாம். மனிதர்கள் உண்மையாகவே வாழ்ந்த வீட்டை யார் கொடுப்பார்கள்? கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் அங்கே போய், வீட்டைச் சுற்றிப் பனி உறைந்து கிடக்க, கருவிகளைத் தூரம் தூரமாக நிறுத்தி, வீடுகளை ஒவ்வொன்றாக எரித்தது. அந்த ஆய்வில் அவர்கள் அளந்தவற்றுள் ஒன்று இது: எரியும் வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் அடுத்த வீடு பற்றாது?

தீ தாவுவதற்கு மூன்று வழிகள் உண்டு. சுவாலை நேராகத் தொடலாம். தீப்பொறி காற்றில் பறந்து போய் விழலாம். மூன்றாவது வழியைத்தான் நாம் குறைவாக நினைக்கிறோம். திறந்த விறகடுப்பின் முன் உட்கார்ந்தால் முகம் சுடும், முதுகு குளிரும். நடுவில் இருக்கும் காற்று சூடானதால் முகம் சுடுவதில்லை. நெருப்பிலிருந்து வெப்பம் ஒளியைப் போல நேர்க்கோட்டில் கிளம்பி வந்து தோலில் விழுகிறது. குறுக்கே ஒரு முறத்தைப் பிடித்தால் அந்த நொடியே நின்றுவிடும். எரியும் வீடும் தன் ஜன்னல்கள் வழியாக இதையேதான் செய்கிறது. சுவர் நின்றிருக்கும்வரை வீடு ஓர் அடுப்பு, ஜன்னல் அதன் வாய்.

இதற்குக் கணக்கு உண்டு. சித்திரை நண்பகலில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் தரையில் கொட்டுவது ஏறத்தாழ 1 கிலோவாட். பக்கத்தில் ஒரு சிறு பொறி இருக்குமானால், மரம் பற்றிக்கொள்ள ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 12.5 கிலோவாட் போதும். அதாவது பன்னிரண்டு சூரியன்கள். இங்கிலாந்தில் மார்கரெட் லா என்ற தீ ஆராய்ச்சியாளர் 1963-இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, கட்டிடங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை இந்த வகை எண்ணிலிருந்தே கணக்கிடுகிறது. கனடாவின் கட்டிட விதியும் இதே எண்ணைத்தான் தாங்கி நிற்கிறது.

எரியும் அறையின் பக்கம் என்ன எண்? சூடான பொருள் வீசும் வெப்பம் அதன் தனிவெப்பநிலையின் நான்காம் படியாக ஏறும் என்று 1879-இல் ஸ்டெஃபான் கண்டார். வெப்பநிலை பத்தில் ஒரு பங்கு கூடினால் வீசும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். 1,000 டிகிரி செல்சியஸில் கொழுந்துவிடும் ஓர் அறையின் ஜன்னல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோவாட் வீசும். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள ஒற்றை ஜன்னலை எடுத்துக்கொண்டு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 150, மரம் தாங்கும் 12.5-க்கு இறங்க வேண்டுமானால் எதிர்ச்சுவர் சுமார் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

அந்த 2 மீட்டரை யார் விடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. நான் முதலில் கட்டிவிட்டேன், நீ விட்டுக்கொள் என்று சொல்ல முடியுமா? சட்டம் இங்கே ஒரு கண்ணாடியை நிறுத்துகிறது. எல்லைக்கோட்டின் அந்தப் பக்கம் இன்று வெறும் புல்தரையாகவே இருக்கலாம். ஆனாலும் உன் சுவரைப் போலவே ஒரு சுவர், அதே தூரத்தில், அங்கும் நிற்பதாக நினைத்துக்கொள் என்கிறது. ஆளுக்குப் பாதி. அதனால்தான் பெரும்பாலும் தூரம் பக்கத்து வீட்டிலிருந்து அளக்கப்படுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது. இன்னும் பிறக்காத ஒரு கட்டிடத்துக்காக இன்றைய கட்டிடம் ஒதுங்கி நிற்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே ஒரு சிலிர்ப்பு ஏற்பட்டது. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு அன்பு ஒளிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கனடாவின் தேசியக் கட்டிட விதிப்படி வீட்டுச் சுவர் எல்லையிலிருந்து 1.2 மீட்டருக்குள் வந்தால் அதில் ஜன்னல் வைக்கக் கூடாது, அந்தச் சுவர் 45 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் தனிக் கொட்டிலுக்கு அந்த விதி தளர்கிறது. 0.6 மீட்டர் இடம் விட்டால் போதும், தீ தாங்கும் சுவர் வேண்டாம். அதைவிட நெருங்கினால்தான் 45 நிமிடச் சுவர் கேட்கிறது. 0.6 மீட்டர் என்பதுதான் நம்மவர் முணுமுணுத்த இரண்டடி. சில ஊர் பைலாக்களில் 0.61 மீட்டர் என்றே அச்சிட்டிருக்கும். அடிக்கணக்கிலிருந்து மீட்டருக்கு மாறியபோது ஒட்டிக்கொண்டு வந்த தழும்பு அது.

இந்த இடைவெளிக் கணக்குக்குள் இன்னொரு நிபந்தனையும் புதைந்திருக்கிறது. ஆல்ட்ஸ்வில்லில் அளந்த உச்ச வெப்பத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் வீடுகளுக்கு நடுவே விட வேண்டிய இடம் நகரங்களால் தாங்க முடியாத அளவுக்குப் போயிருக்கும். உச்சத்துக்கு ஏறுவதற்கு முன்பே தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல்தான் சிறிய எண்ணை ஏற்றார்கள். அந்த நம்பிக்கையையும் எழுத்தில் வைத்தார்கள். மணி அடித்ததிலிருந்து வண்டி வந்து சேரப் பத்து அழைப்புகளில் ஒன்றுக்காவது பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் இடங்களில், நீ விட்டிருக்கும் தூரத்தைப் பாதியாகத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்கிறது விதி. நாடாவில் 2 மீட்டர் என்று காட்டினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது 1 மீட்டர். தூரமும் நேரமும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடிய நாணயங்கள் என்று ஒரு கட்டிட விதி சொல்வதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கொட்டில்தானே, அதில் என்ன பெரிய தீ வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். உள்ளே இருப்பதை நினைத்துப் பாருங்கள். புல்வெட்டிக்கான பெட்ரோல் கேன், பார்பிக்யூ அடுப்பின் கேஸ் சிலிண்டர், பெயின்ட், தின்னர், காய்ந்த மரச்சட்டங்கள். மர மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணி இருக்கிறதே, அது தானாகவே எரியக்கூடியது. அந்த எண்ணெய் காய்வது என்றால் நீர் ஆவியாவது போல அல்ல. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு அது சேர்கிறது, சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. கொடியில் விரித்துப் போட்டால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டி மூலையில் எறிந்தால் போக வழியில்லை. சூடு ஏற ஏற வினை வேகமாகும், வினை வேகமாக ஆக சூடு ஏறும். தீக்குச்சியே இல்லாமல் சில மணி நேரத்தில் புகையத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுச் சுவரோ பெரும்பாலும் வினைல் பலகை போர்த்தது. மரம் பற்றுவதற்கு வெகுமுன்பே, சுமார் 70 டிகிரியிலேயே அது இளகித் தொங்க ஆரம்பித்துவிடும்.

பைலா எழுதியவர்கள் தீ ஒன்றை மட்டும் நினைத்து இரண்டடி கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் ஆள் ஒருக்களித்து உள்ளே நுழைந்து சுவருக்குச் சாயம் அடிக்க அந்த அகலம் போதும். இறவாணத்திலிருந்து சொட்டும் மழை அடுத்தவர் மண்ணில் விழாமல் நம் மண்ணிலேயே விழவும் அது போதும்.

நம்மவர் செய்த ஒரு தவறு பலரும் செய்வது. “பெர்மிட் தேவையில்லை எண்டு சொன்னவங்கள், பிறகேன் பைலா?” என்று கேட்டார். இரண்டும் வெவ்வேறு வாசல்கள். கட்டிடம் விழாமல், எரியாமல், உள்ளிருப்பவரைக் கொல்லாமல் நிற்குமா என்று பார்ப்பது கட்டிட விதி. அதற்குத்தான் பெர்மிட். எந்த மனையில், எந்த மூலையில், எவ்வளவு உயரத்தில், மனையின் எத்தனை சதவீதத்தை மூடி எதைக் கட்டலாம் என்று சொல்வது சோனிங் பைலா. முதல் வாசலில் சிறிய கொட்டிலைச் சும்மா விட்டுவிடுவார்கள். இரண்டாவது வாசலில் அதற்கும் நாடா வைத்துப் பார்ப்பார்கள்.

ஒன்டாரியோவில் 10 சதுர மீட்டரைத் தாண்டினால் பெர்மிட் வேண்டும் என்ற நிலைதான் நெடுங்காலம் இருந்தது. 2022 ஜூலை 1 முதல் கொட்டிலுக்கு மட்டும் அதை 15 ஆக்கினார்கள். ஒற்றைத் தளமாக இருக்க வேண்டும், வேறு கட்டிடத்தோடு ஒட்டக் கூடாது, குழாய் வேலை கூடாது, வீட்டுச் சாமான் வைக்க மட்டுமே பயன்பட வேண்டும். இங்கிலாந்திலும் படுக்கை இல்லாத சிறு கட்டிடத்துக்கு 15 சதுர மீட்டர் வரை விலக்கு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டிட மாதிரி விதி 200 சதுர அடி என்கிறது, அது 18.6 சதுர மீட்டர். கலிபோர்னியா 120 சதுர அடியில் நிறுத்திக்கொள்கிறது, அது 11.1.

தீயின் தூரத்துக்கு இயற்பியல் இருக்கிறது. 15-க்கு அப்படி எந்தச் சமன்பாடும் கிடையாது. ஆனாலும் வெவ்வேறு நாடுகள் 10-க்கும் 20-க்கும் நடுவிலேயே வந்து நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு காரைத் தாராளமாக நிறுத்திக் கதவைத் திறக்கும் இடம் 18 சதுர மீட்டர் அளவுக்கு வரும். ஒரு குடும்பம் சமையலும் படுக்கையுமாகக் குடியேற அதைவிடக் கூடுதலாக வேண்டும். காரும் நுழையாமல், குடித்தனமும் நுழையாமல், சவளும் சைக்கிளும் மட்டும் நுழையும் அளவைத்தான் எல்லோரும் கையால் தடவித் தேடியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். எல்லா விலக்குகளிலும் சொல்லாமலோ சொல்லியோ இருக்கும் கோடு உறக்கம். விழித்திருப்பவர் புகை மணத்தால் ஓடிவிடுவார். உறங்குபவர் எழமாட்டார். ஆள் படுக்காத கூரை என்பதால்தான் சட்டம் கொட்டிலிடம் இவ்வளவு இளக்கமாக இருக்கிறது. குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று கொட்டிலில் ஹீட்டர் வைத்து யாரையாவது படுக்கவைப்பது, அந்த ஏற்பாட்டின் ஆணிவேரையே பிடுங்குவது. அதை யார் செய்தாலும் நான் கெஞ்சியாவது தடுப்பேன்.

எண் ஒன்று சட்டத்தில் எழுதப்பட்டதும் அது பொருளின் வடிவத்தையே மாற்றுவதையும் பார்க்கலாம். 10-க்கு 10 அடிக் கொட்டில் 9.29 சதுர மீட்டர், பழைய வரம்புக்குள் அடங்கும். 10-க்கு 16 அடி என்றால் 14.86, புதிய வரம்புக்குள் அடங்கும். அமெரிக்கக் கடைகளில் 12-க்கு 16 அடி மாதிரி நிற்கும், அது 192 சதுர அடி. பைலாப் புத்தகத்தைப் பார்த்திராத தச்சனும் அதன் அளவுக்கே மரம் அறுக்கிறான்.

வரம்பு 15 ஆவதற்கு ஆறு வாரம் முன்பு, 2022 மே 21 அன்று, ஒன்டாரியோவையும் கியூபெக்கையும் குறுக்கே வெட்டிக்கொண்டு சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு புயல்வரிசை ஓடியது. கிச்சனர் விமான நிலையத்தில் மணிக்கு 132 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவாயிற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 132 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். கூரைக்கு மேலே ஓடும் காற்று கூரையை அழுத்துவதில்லை, மேலே உறிஞ்சுகிறது. 15 சதுர மீட்டர் கூரையில் அதே அளவு உறிஞ்சல் என்று வைத்துக்கொண்டால் 1,200 கிலோ தூக்கும் விசை. தகரக் கொட்டில் சில நூறு கிலோவுக்கு மேல் இருக்காது. வீட்டுக்குத் தன் எடையே பெருந்துணை, கொட்டிலுக்கு அந்த வசதி இல்லை. பெர்மிட் கேட்காத கொட்டிலையும் நான்கு மூலையிலும் மண்ணுக்குள் முறுக்கி இறக்கும் இரும்பு நங்கூரத்தால் கட்ட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது அதனால்தான். பறக்கும் கொட்டில் போய் விழுவது பெரும்பாலும் அடுத்தவர் வளவில். மண்ணைத் தோண்டுவதற்கு முன் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்டாரியோவில் வீட்டுக்காரர்களுக்கு இலவசமாகவே வந்து குறித்துக்கொடுக்கிறார்கள்.

உயரத்துக்கு ஏன் வரம்பு என்று நம்மவர் கேட்கவில்லை, நான்தான் யோசித்தேன். டொரன்டோ 43.7 பாகை வடக்கில் இருக்கிறது. மார்கழியில் பகல் மிகக் குறுகிய நாளில் நண்பகல் சூரியன் அங்கே தொடுவானத்திலிருந்து 23 பாகைதான் ஏறும். இரண்டரை மீட்டர் உயரக் கொட்டிலின் நிழல் 6 மீட்டர் நீளும். நான்கு மீட்டர் உயரக் கொட்டில் என்றால் 9 மீட்டரைத் தாண்டும். அதே நாளில், அதே நண்பகலில், யாழ்ப்பாணத்தில் இரண்டரை மீட்டர்ச் சுவரின் நிழல் 1.6 மீட்டர்தான். ஊரில் நிழல் என்பது கொடை, மரத்தைச் சாய்த்து வளர்த்தாவது அதைத் தேடுவோம். வடக்கே வந்துவிட்டால், ஐந்து மாதம் குளிரில் கிடந்தவரின் ஜன்னலிலிருந்து பறிக்கப்படும் வெயில் அது. இங்கிலாந்து இதை மிகத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கொட்டில் வந்தால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதைவிடத் தள்ளி நின்றால் உயர்ந்துகொள்ளலாம், இருபுறமும் சரிந்த கூரை என்றால் 4 மீட்டர் வரை.

மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. 2013 ஜூலை 8 மாலை டொரன்டோ விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 15 சதுர மீட்டர்க் கூரையின் பங்கு 1,890 லிட்டர். அந்தக் கூரை இருக்கும் இடத்தில் புல் இருந்திருந்தால் அதில் ஒரு பகுதியை மண் குடித்திருக்கும். ஒரு கொட்டில் ஒன்றும் இல்லை, ஆனால் தெருவுக்கு நாற்பது கொட்டில் என்றால் வடிகாலுக்குத் தெரியும். மனையில் இத்தனை சதவீதத்துக்கு மேல் மூடாதே என்ற விதி அந்த நாற்பதையும் எண்ணிப் பார்த்து எழுதியது.

ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றால் விதிகள் வேறு. 1954 அக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி வந்தபோது டொரன்டோவின் ஹம்பர் ஆறு பெருகி ரேமோர் டிரைவ் என்ற ஒரு தெருவில் மட்டும் 35 பேரைக் கொண்டுபோனது. ஒன்டாரியோவில் இறந்தவர்கள் மொத்தம் 81 பேர். அதன் பிறகு வெள்ளம் ஏறக்கூடிய நிலங்களில் கட்டுவதைத் தடுக்கும் அதிகாரம் ஆற்றுப்படுகைக் காப்பு ஆணையங்களின் கைக்கு வந்தது. அந்த நிலத்தில் சிறு கொட்டில் வைப்பதற்கும் அவர்களுடைய விதியைப் பார்க்க வேண்டும். காரணம் எளிது. 15 சதுர மீட்டர்த் தளமும் அரை டன் எடையும் உள்ள மரக்கொட்டிலைச் சுற்றி நாலைந்து விரல்கடை தண்ணீர் ஏறினாலே, உள்ளே நீர் புகாதவரை, அது மிதக்கத் தொடங்கலாம். மிதந்துபோய்ப் பாலத்தின் வாயில் அடைத்தால் அந்த வெள்ளம் வேறு யாருடைய வீட்டுக்கோ திரும்பும்.

இந்த விதிகள் எல்லாமே இப்படித் தீயையும் காற்றையும் அளந்து வந்தவை என்று சொன்னால் அது பொய். முன்முற்றத்தில் கொட்டில் கூடாது என்பதற்கு, தெருமுனையில் திரும்பும் கார்க்காரரின் பார்வையை மறைக்கும் என்ற காரணம் முனை மனைகளுக்குப் பொருந்தும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வருபவர் திடுக்கிட்டு, பிரேக்கை மிதித்து, நிற்பதற்குள் கார் சில பத்து மீட்டர் ஓடிவிடும். ஆனால் தெருவின் நடுவில் இருக்கும் மனைக்கும் அதே தடை போடும்போது பேசுவது இயற்பியல் அல்ல, ரசனை. தெரு அழகாக இருக்க வேண்டும், வீடுகள் ஒன்றுபோல் தெரிய வேண்டும், நிலத்தின் விலை குறையக் கூடாது. ரசனைக்கும் ஊரில் இடம் உண்டுதான். ஆனால் இது ஆல்ட்ஸ்வில்லில் அளந்த எண், இது யாரோ சிலருடைய விருப்பம் என்று பிரித்துக் காட்டாமல் இரண்டையும் ஒரே அட்டவணையில், ஒரே கண்டிப்போடு அச்சிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. உயிர் காக்கும் எண்ணையும் மக்கள் வெறும் கெடுபிடியாக நினைத்து மீறுவது இதனால்தான். குறைந்தபட்சம் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. மனையின் வடிவம் கோணலாக இருந்து விதிப்படி வைக்க முடியாவிட்டால், ஒன்டாரியோவில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழு முன்னால் போய்ச் சிறு தளர்வு கேட்கலாம். அந்தத் தளர்வு உண்மையிலேயே சிறியதா, நிலத்துக்குப் பொருத்தமானதா, பைலாவின் நோக்கத்தோடும் ஊரின் பெருந்திட்டத்தோடும் ஒத்துப்போகிறதா என்று நான்கு கேள்விகள் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து பேசலாம்.

நம்மவர் அங்கே போகவில்லை. அளவைச் சரிபார்க்க நில அளவைப் படத்தை வெளியே எடுத்தபோது, வேலியே எல்லைக்கோட்டின் மேல் நிற்கவில்லை, ஒரு சாண் அவருடைய நிலத்துக்குள் தள்ளி நிற்கிறது என்று தெரிந்தது. அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தப் பக்கத்து ஆள் தன் அப்பா வைத்த வேலி என்று ஒருமுறை சொன்னதை நினைத்துக்கொண்டு, வேலியிலிருந்தே இரண்டடி அளந்தார். “விடு தம்பி,” என்றார்.

கொட்டில் 10-க்கு 12 அடி. சரளைக் கல் பரப்பி, அதன்மேல் சிமென்ட் கட்டைகள் வைத்து, அவற்றின் மேல் நிறுத்தினோம். வீட்டின் அடித்தளம் டொரன்டோப் பகுதியில் 1.2 மீட்டர் ஆழம் போக வேண்டும், குளிர்காலத்தில் மண் அவ்வளவு ஆழம் வரை உறையும் என்று கணக்கு. இலேசான மரக்கொட்டிலுக்கு அந்த ஆழம் கேட்பதில்லை. வீட்டுக்கு அது ஏன் வேண்டும் என்று அவருக்கு அடுத்த மார்ச்சில் தெரிந்தது. கதவு இறுகிக்கொண்டது.

தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும் என்பது நமக்குத் தெரியும். மண் எழும்புவதும் அதனால்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் தெற்குக் கரோலினாவில் ஸ்டீஃபன் டேபர் என்ற நிலவியலாளர் அதை நம்பவில்லை. உறையும்போது பெருக்காமல் சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். அப்போதும் மண் மேலே எழும்பியது. 1929, 1930-ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தன. நடப்பது இதுதான். உறைந்த பனிக்கட்டிக்கும் மண்துகளுக்கும் நடுவே, உறைநிலைக்குக் கீழேயும் உறையாத மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. அந்தப் படலம் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போலக் கீழேயுள்ள ஈரத்தை மேலே இழுக்கிறது. வந்த நீர் அங்கே உறைந்து, தட்டுத் தட்டாகப் பனி வில்லைகள் வளர்கின்றன. ஒவ்வொரு வில்லையும் தனக்கு மேலே உள்ளதைத் தூக்குகிறது. மணலில் துளைகள் பெரியவை, இழுக்கும் வலு இல்லை. களிமண்ணில் துளைகள் மிகச் சிறியவை, நீர் வேகமாக ஓடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள வண்டல் மண்தான் அதிகம் எழும்பும். கட்டைகளுக்கு அடியில் சரளை போட்டது அந்தத் திரியை அறுக்கத்தான். ஒரு மூலையில் சரளை போதவில்லை போலும்.

வீடு ஒரு மூலையில் இரண்டு விரல்கடை எழும்பினால் சுவர் பிளக்கும், குழாய் முறியும். கொட்டில் மொத்தமாகச் சாய்ந்து கொடுக்கும், அதில் உடைய ஒன்றுமில்லை. ஏப்ரல் நடுவில் மண் இளகிய ஒரு சனிக்கிழமை அவர் கார் ஜாக்கைக் கொண்டுவந்து மூலையை மெல்லத் தூக்கினார். நான் அந்த இரண்டடி இடைவெளிக்குள் ஒருக்களித்து நுழைந்து, கட்டைக்கு மேல் ஒரு சீடார் மரச் சீவலைச் செருகினேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் நீர்மட்டக் கருவியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். குமிழி நடுவுக்கு வந்ததும் நம்மவர் ஜாக்கை இறக்கினார். கதவு திறந்தது.